நெய்யாற்றுப் பாலத்தில் முகம் காட்டாத ஆள்

எட்டு மாதம் நான் ஒரு மனிதரின் முதுகைப் படம் பிடித்திருக்கிறேன். முதுகு, பிடரி, முழங்கை, ஒரு தடவை குடை, ஒரு தடவை தோர்த்துத் துண்டு. அந்த எட்டு மாதத்தில் நெய்யாற்றில் ஒரு ரயில் பாலம் தண்ணீருக்கு மேலே தூண் தூணாக எழும்பியது. பாலம் படத்தில் ஒழுங்காக விழுந்தது. அது ஓடி ஒளிகிற ஜாதி இல்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பாறசாலையில் அப்பாவுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. எங்கள் மிஷன் கோயிலில் நடக்கிற கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றுக்கும் அப்பாதான் படம் எடுப்பார். அவருக்குக் கை நடுக்கம் வந்ததும் கேமரா என் கழுத்துக்கு மாறியது. பெண் பிள்ளை கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறாளே என்று கோயிலில் நாலு பேர் பேசினார்கள். அந்த நாலு பேர் வீட்டுக் கல்யாணத்துக்கும் நான்தான் போனேன். படத்தில் அந்த நாலு பேரையும் பார்த்து ஓரத்தில் நிறுத்தினேன். பாதிக் காது படத்துக்கு வெளியே போனது. கேமரா சின்னது, என்ன செய்ய என்று சொல்லிவிட்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் பாதை போடுகிற வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பாலத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் தஞ்சாவூர்க்காரர். பாலம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மாதா மாதம் மேலிடத்துக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். அப்பாவைத் தேடி வந்தவர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "நீங்க தமிழா, மலையாளமா?" என்று கேட்டார்.

"இந்தக் கேள்விக்குத்தான் சார் இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊரிலே மண்டை உடைஞ்சது" என்றேன்.

மனிதர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். எல்லைப் போராட்டம் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினேன். தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். தடியடி நடந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. கடைசியில் தெற்கே இருந்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள், நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். இப்போது வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என்னிடம் இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். அதுதான் அவருக்கு ஆபத்தில்லாத பாஷையாகத் தெரிந்தது போல.

வேலை சுலபம்தான். ஒவ்வொரு மாதமும் கரையில் அதே இடத்தில் நின்று அதே தூணைப் படம் எடுக்க வேண்டும். தூணின் உயரம் தெரிவதற்காக அதன் பக்கத்தில் ஒருவர் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உயரமான அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய இன்னொரு கையில் ஒரு சிலேட்டு இருக்கும். அதில் சாக்குக் கட்டியால் தேதியும் தூணின் நம்பரும் எழுதியிருக்கும். அந்த ஆள்தான் நான் சொல்ல வந்த ஆள். நாற்பது தாண்டியவர், ஒல்லி. இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். அந்தக் காலால் மண் சுமக்க முடியாது என்றுதான் கோல் பிடிக்கிற வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

முதல் மாதம் நான் கேமராவைக் குனிந்து பார்த்து, சரிசெய்து, பொத்தானை அமுக்குகிற நேரத்தில் அவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டிய சிலேட்டு முகத்துக்கு ஏறியது. மூன்றாம் மாதம் மேகமும் இல்லை மழையும் இல்லை, மனிதர் குடையை விரித்துக்கொண்டு நின்றார்.

"குடை எதுக்கு அண்ணே?"

"வெயிலாக்கும், பிள்ளே."

"வெயில் முதுகுப் பக்கம் இல்லியா அடிக்குது?"

"எனக்கு ரெண்டு பக்கமும் அடிக்கும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படத்துக்கு நிற்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லலாம், அது அவர் இஷ்டம். நிற்கிறேன் என்று வந்து நின்றுகொண்டு கண்ணில் மண்ணைத் தூவினால் எப்படிப் பொறுத்துக்கொள்வது? என்னுடைய கேமராவுக்கு முன்னால் இரண்டு கண், பார்ப்பதற்கு மேலே ஒரு கண்ணாடி. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதனால் நான் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டு கேமராவை மட்டும் பக்கவாட்டில் திருப்பி அவரை எடுக்க முடியும். நான்காம் மாதம் அப்படித்தான் செய்தேன். படத்தைக் கழுவிப் பார்த்தால், தும்முகிற சாக்கில் தோர்த்தை எடுத்து முகத்தை மூடியிருக்கிறார். தோர்த்தின் ஒவ்வொரு இழையும் அவ்வளவு தெளிவு. அந்தத் தோர்த்தை நெய்தவன் பார்த்திருந்தால் என் கையைப் பிடித்துக் கும்பிட்டிருப்பான்.

ஆற்றங்கரையில் எல்லாருக்கும் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சித்தாள் பெண்கள், "அண்ணே, ஸ்டூடியோ பிள்ளை வந்தாச்சு, முகத்தை எடுத்து உள்ளே வையுங்கோ" என்று கூவுவார்கள். மேலிடத்திலிருந்து இன்ஜினியருக்குக் கடிதமே வந்தது. படத்தில் நிற்கிற ஊழியருக்கு ஏன் ஒரு மாதம் கூட முகம் இல்லை என்று கேட்டிருந்தார்கள். அவர் அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டிப் பெருமூச்சு விட்டார்.

எட்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை கோல் பிடிக்கிறவரின் மனைவி ஸ்டூடியோவுக்கு வந்தாள். அப்பா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"மக்களே, ரயிலு ஓடத் தொடங்கினா ரயில்வே கேட்டுலே காவலுக்கு ஆளு எடுக்கியாவளாம். நிரந்தர வேலை. எனக்க வீட்டுக்காரருக்குத் தரலாம்னு இஞ்சினியர் சொல்லியாச்சு. காகிதத்திலே போட்டோ ஒட்டணும். சனியாழ்ச்சை அஞ்சு மணிக்குள்ளே குடுக்கணும். இவிய ஸ்டூடியோவுக்கு வரமாட்டேன்னு ஒரே பிடியா நிக்கியாரு."

"படம்னா அவருக்கு ஏன் அக்கா இப்படி?"

"எல்லைச் சமரக் காலத்திலே ஏதோ ஒரு படத்தை வச்சு போலீஸ் பிடிச்சுக்கொண்டு போயி காலை ஒடிச்சுப் போட்டானுவளாம். எந்தப் படம், ஆரு எடுத்ததுன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டாரு. பாலம் முடிஞ்சா கோலு பிடிக்கிய வேலையும் இல்லே. இந்தக் காலை வச்சுக்கிட்டு வேற என்ன வேலைக்குப் போவாரு? நீ எப்படியாவது அவருக்க முகத்தைப் பிடிச்சுத் தா மக்களே."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பாவத்தைவிட உற்சாகம்தான் அதிகம். எட்டு மாதமாகச் செய்த வேலைக்கு இப்போது நல்ல காரணமும் கிடைத்துவிட்டது. "சனிக்கிழமைக்குள்ளே அண்ணனுக்க முகம் உங்க கையிலே" என்று சவடால் அடித்தேன்.

வியாழக்கிழமை கர்டர் ஏற்றுகிற நாள். கரையிலே கோத்து வைத்திருந்த நீளமான இரும்புச் சட்டத்தை உருளைகளின் மேல் தள்ளி முதல் தூணுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளறடையிலிருந்தும் ஒற்றசேகரமங்கலத்திலிருந்தும்கூட ஆட்கள் பஸ் ஏறி வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கடலை வியாபாரம் அமோகம். நான் அப்பாவின் பழைய மரக் கேமராவின் முக்காலியை எடுத்துப் போயிருந்தேன். வழக்கமாக நிற்கிற இடத்தில் அதை ஊன்றி, மேலே ஒரு காலி பிஸ்கட் டப்பாவை வைத்துக் கறுப்புத் துணியால் மூடினேன். சித்தாள் ஒருத்தியிடம் நான் வழக்கமாகக் கொண்டுபோகிற குடையைக் கொடுத்து, துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் துணிக்குள் குலுங்கிக்கொண்டே நின்றாள். நான் எதிர்ப் பக்கத்தில் சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் பாலராமபுரம் சேலையோடு முழங்காலிட்டேன். நல்ல சேலை. அன்றைக்கு அது சாம்பல் நிறமானது.

அவர் கோலோடு வந்தார். முக்காலியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். சாவகாசமாக அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அதாவது என்னைப் பார்த்துத் திரும்பினார். இரும்பைத் தள்ளுகிற கலாசிகள் பாட்டெடுத்தார்கள். இரும்பு மெல்ல நகர்ந்து கரையை விட்டு வெட்டவெளிக்கு நீண்டது. இவர் அண்ணாந்து பார்த்தார். அது தூணில் போய் உட்காருமா ஆற்றில் விழுமா என்ற கவலையில் கோல் சாய்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அது தூணில் உட்கார்ந்ததும் எல்லாரும் கத்தினார்கள், அவரும் வாயைத் திறந்து சிரித்தார். நான் அமுக்கினேன். எவ்வளவு நல்ல முகம்! இதையா இந்த மனிதர் எட்டு மாதம் ஒளித்து வைத்தார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, முகத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். சீட்டாட்டத்தில் கடைசிச் சீட்டை இறக்குகிறவள் மாதிரி படத்தை அவருக்கு முன்னால் நீட்டினேன். அவர் மனைவி ஓடி வந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இதிலே ஒண்ணும் எழுதல்லியா?"

"என்ன எழுதணும்?"

"உனக்க அப்பா எழுதுவாரே. அவரு எடுத்த படத்திலே எனக்க நம்பர் பதினேழு." படத்தை என் கையிலேயே திரும்ப வைத்தார். "இது எனக்கு வேண்டாம். நீ போயி அப்பாகிட்ட கேளு பிள்ளே."

குரலை உயர்த்தவில்லை. திரும்பவும் மரச்சீனியை எடுத்துக்கொண்டார். அவர் மனைவி அழத் தொடங்கினாள். நான் என்ன சொல்லிவிட்டு அங்கிருந்து கிளம்பினேன் என்று இன்றும் ஞாபகம் இல்லை.

அப்பா சாயா குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைப் பாதிதான் நிரப்புவோம், இல்லாவிட்டால் சிந்தும். "பதினேழாம் நம்பர் யாரு அப்பா?" என்று கேட்டேன். தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், எதையும் குறைக்காமல்.

போராட்டம் சூடாக இருந்த சமயம், பக்கத்து ஊர்ப் பையன்கள் இருபத்துச் சொச்சம் பேர் கூட்டம் முடிந்து கொடியோடு ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது அப்பா. குரூப் போட்டோ என்றால் அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. படத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்து ஒவ்வொரு தலைக்கும் வட்டம் போடுவார். வட்டத்துக்குள் நம்பர், கீழே வரிசையாகப் பெயரும் வீட்டுப் பெயரும். பிரதிகள் சரியான ஆளுக்குப் போய்ச் சேருவதற்காகச் செய்கிற வேலை அது. ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் அந்தப் படத்தோடு கடைக்கு வந்தார். யார் கொடுத்தார்களோ தெரியாது. படத்தை மேஜையில் போட்டு, "இதென்ன போட்டோ? ஒருத்தன் முகமும் தெளியல்ல. மனுஷனா மாடான்னுகூடத் தெரியல்ல" என்றார்.

"அதை என்னாலே தாங்க முடியல்ல மக்களே" என்றார் அப்பா. "தெளியல்லியான்னு கேட்டு, பட்டர் பேப்பரை எடுத்து மேலே வச்சு, இது இன்னாரு, இது இன்னாரு, இவனுக்க மூக்கிலே உள்ள தழும்புகூடத் தெரியுது பாருங்கோன்னு ஒவ்வொண்ணா காட்டிக் குடுத்தேன். அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு ரெண்டையும் மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனாரு. அவரு படி இறங்கின பிறகாக்கும் நான் என்ன செஞ்சேன்னு எனக்கே விளங்கினது."

மூன்றே நாளில் எல்லாரையும் வாரிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் மேஜையில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தவர்களில் பதினேழாம் நம்பரும் ஒருவர். அப்பாவின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. என் படத்தை ஒருவன் தெளியவில்லை என்று சொல்லியிருந்தால், நானும் அதையேதான் செய்திருப்பேன். அந்த எண்ணம் என்னைக் கூச வைத்தது.

"நாளைக்கு நானும் வாறேன்" என்றார் அப்பா. "எனக்க கேமராவுக்கு முன்னாலே அவன் இருப்பானான்னு கேக்கணும்."

சனிக்கிழமை காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கேமராவைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். ஆற்றங்கரையில் அன்றைக்கு யாரும் கூவவில்லை. பதினேழாம் நம்பர்காரர் அளவுகோலைத் தூணில் சாய்த்துவிட்டு நின்றார்.

"நான் ஆருன்னு தெரியுதாடே?" என்றார் அப்பா.

"தெரியாம? மூணாவது வரிசையிலே நில்லு, நெஞ்சை நிமிர்த்துன்னு சொன்னது நீங்கதானே சார்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்மேலேதான். நான்தான் காட்டிக் குடுத்தேன்."

"அது எனக்குத் தெரியும். இருபது வருஷமா ஏன் வரல்ல?"

"பயமா இருந்தது."

அவர் சிரித்தேவிட்டார். "எனக்கும் அதேதான். உங்க கடை இருக்கிய பக்கமே நான் போனதில்லே, கேட்டேளா? பாறசாலைச் சந்தைக்குப் போணும்னா சுத்திச் சுத்திப் போவேன்."

"இன்னைக்கு ஒரு படம் எடுக்க விடுவியா?"

அவர் ஆற்றைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். கரையிலே பத்து முப்பது பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் போட அடுக்கி வைத்திருந்த ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் போய் உட்கார்ந்து, தோர்த்தை மடித்து மடியில் வைத்து, கேமராவை நேராகப் பார்த்தார். நான் கேமராவை முக்காலியில் பொருத்திக் கொடுத்தேன். ஆனால் அப்பா இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டார், முக்காலியும் சேர்ந்து ஆடியது. "கையை விடுங்கப்பா" என்று காதில் சொன்னேன். அவருக்கு அது கேட்கவில்லை. ஒரே ஒரு படம்தான் எடுத்தார்.

மூவருமாகப் பாறசாலைக்கு ஓடினோம். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தாளைத் தட்டில் போட்டு அசைத்தேன். முகம் மெல்ல வந்தது. வந்தது என்ன, இரண்டு மூன்று முகமாக வந்தது. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். எனக்கு வாயில் வந்த வார்த்தையை நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

வெளியே அப்பா நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். படத்தை வாங்கிப் பார்க்கவில்லை. படத்தில் இருந்தவரிடமே கேட்டார். "முகம் தெளிஞ்சிருக்காடே?"

அவர் ஈரப் படத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "நல்லாத் தெளிஞ்சிருக்கு சார். என்னைப் போலவே இருக்கு."

அப்பா தலையை ஆட்டினார். நான் அந்த மனிதரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பைக்குள்ளிருந்து வியாழக்கிழமை எடுத்த படத்தை எடுத்து நீட்டினேன். "அண்ணே, விளையாட்டுக்கு நேரமில்லே. அதை வீட்டிலே வச்சுக்குங்க. காகிதத்திலே இதை ஒட்டுங்க. அதை ஒட்டினா வேலை போயிடும்."

அவர் இரண்டையும் பார்த்தார். நல்ல படத்தை என்னிடம் திருப்பித் தந்தார்.

"அது நீ எடுத்தது, பிள்ளே. இது நான் இருந்து குடுத்தது."

நல்ல படத்தைத் திரும்பப் பைக்குள் போட்டேன். ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது இன்ஜினியரின் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் காகிதத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் படத்தைப் பார்த்தார். இது இவர்தானா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"இத்தனை நாள் நான் தந்த படங்களுக்கு இது எவ்வளவோ மேல் சார்" என்றேன் தமிழில். "இதிலே முன்பக்கமாவது இருக்கு."

அவருக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்திரையைப் படத்தின் மூலையில் குத்தினார். கையெழுத்தும் போட்டார். ஷெட்டுக்கு வெளியே சித்தாள் பெண்கள் குலவை போட்டார்கள். கோல் பிடித்தவரின் மனைவி என் கன்னத்தைக் கிள்ளினாள், வலித்தது.

வீட்டுக்கு வரும்போது அப்பா அதே நாற்காலியில், அதே சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்கப்பா. கேட்டுலே வேலை உறுதி."

"தெளிஞ்சிருக்குன்னு அவன் சொன்னான், கேட்டியா?"

"கேட்டேன்."

"நான் எடுத்த படம் எப்படி வரும்னு எனக்குத் தெரியாதா மக்களே" என்றார் அப்பா. "ஆனாலும் அவன் சொன்னான் பாத்தியா." அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து நானும் அழுதேன்.